அம்மாவின் இடக்கைக் கத்தி

வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்திக்கு ஒரு வாசனை உண்டு. மழை நின்ற பிறகு தண்டவாளத்துப் பக்கம் போனால் வருமே, அதில் கொஞ்சம். பச்சைப் புளியங்காயைக் கடித்தால் பல் கூசுமே, அதில் கொஞ்சம். கையை எத்தனை கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. உங்கள் வீடுகளில் இப்போது இருப்பது எவர்சில்வர் கத்தி, அதில் இந்த வாசனை வராது. எனக்கோ எங்கிருந்தாவது அது வந்து மூக்கில் ஏறிவிட்டால் இரண்டு ஞாபகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும். ஒன்று என் அம்மாவின் இடது கை. மற்றது அங்கமுத்து மேஸ்திரி என்கிற மனிதர் மேல் எனக்குள்ள கோபம். அவர் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கோபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கன்னடம்; தமிழ் எழுத்து அப்பா வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. என் பிள்ளைகளும் அவர்கள் வயதில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் எங்கள் தெரு முழுக்க ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பட்டறைகளுக்கும் போவார்கள். பெண்களில் பாதிப்பேர் கல்யாண மண்டபங்களுக்குக் காய் நறுக்கப் போவார்கள். அந்தக் காலத்தில் கத்தி வைத்திருப்பது சீப்பு வைத்திருப்பது மாதிரி. அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை அறுக்க முந்தியில் ஒரு குட்டிக் கத்தி முடிந்திருப்பார். இளநீர்க்காரர் தோளில் துண்டு மாதிரி அரிவாளைப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். வெற்றிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டியிருப்பார்கள். சின்னப்பிள்ளைகளைப் பார்த்தால் அந்த நகத்தால் கன்னத்தைத் தொடுவதுபோல் வந்து சிரிப்பார்கள். என் அப்பா இடுப்பில் மடக்குகிற "சூரி" ஒன்று எப்போதும் இருக்கும். அதில்தான் எனக்குப் பென்சில் சீவித் தருவார், அதில்தான் கொய்யாப்பழம் அறுப்பார், பீடிக் கட்டின் நூலையும் அதில்தான் வெட்டுவார்.

எனக்குக் கத்தி சேர்க்கிற பைத்தியம் இருந்தது. மற்றப் பையன்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்தபோது நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் கத்தி சேர்த்தேன். மூங்கில் குச்சியைப் பிளந்து சவர பிளேடு சொருகிக் கட்டியது ஒன்று, உடைந்த கருக்கரிவாளின் நுனி ஒன்று, தகரத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து நானே செய்தது ஒன்று. அந்தத் தகரக் கத்தி வெண்டைக்காயைக்கூட நறுக்காது, நசுக்கும். அம்மா டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் "என்றா மாதேசு, வீட்டுல போர் நடக்கப் போகுதா?" என்பார். அப்பா இரண்டே விஷயம்தான் கண்டிப்பாகச் சொல்வார். கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தால் முனை தரையைப் பார்க்கவேண்டும். அடுத்தவருக்குக் கொடுப்பதானால் கையில் கொடுக்கக்கூடாது, கீழே வைக்கவேண்டும், அவர் எடுத்துக்கொள்ளவேண்டும். கைக்குக் கை மாறினால் சண்டை வரும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

அப்பா வேலை பார்த்தது இரும்புக் கம்பிகளை மிஷினில் வைத்து அறுத்துக் கொடுக்கிற ஒரு பட்டறையில். அந்த மிஷினில் போடும் "ஆக்ஸா பிளேடு" நல்ல பட்டையாக, கனமாக இருக்கும். பல் தேய்ந்துவிட்டால் மூலையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதலாளியைக் கேட்டு அப்பா அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கத்தி செய்ய.

அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். எங்கள் பக்கத்தில் "நொட்டாங்கை" என்போம். சாப்பிடுவதையும் சாமிக்குப் பூப் போடுவதையும் அடித்துத் திருத்தி வலது கைக்கு மாற்றிவிட்டார்களாம் சின்ன வயதில். கத்தியை மட்டும் மாற்ற முடியவில்லை. கல்யாணச் சமையலில் காய் நறுக்குகிற கத்தியை ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிப்பார்கள், மறுபக்கம் தட்டையாக விட்டுவிடுவார்கள். அப்போதுதான் துண்டு மெல்லிசாக, நேராக விழும். ஆனால் அந்தச் சாணை வலது கைக்காரர்களுக்கு ஏற்றபடி வலது பக்கம் இருக்கும். இடது கையில் அதைப் பிடித்து நறுக்கினால் கத்தி கோணலாக இழுத்துக்கொண்டு போகும். துண்டு மேலே தடியாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் வரும். அம்மா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அப்பா இடது பக்கம் சாணை பிடித்து ஒரு கத்தி செய்ய உட்கார்ந்தார். பல்லைத் தேய்த்து எடுப்பார், சூடேறுமுன் தண்ணீரில் முக்குவார், "சொய்ங்" என்று சத்தம் வரும், மறுபடி தேய்ப்பார். கொய்யா மரக் கட்டையில் பிடி போட்டு, செம்புக் கம்பியால் தறைந்து, சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினார். அம்மா அதை வாங்கி முதலில் ஒரு வாழைக்காயை நறுக்கினார். துண்டுகள் அடுக்கிவைத்த காசு மாதிரி சாய்ந்து விழுந்தன. அம்மா உடனே இன்னொரு வாழைக்காயை எடுத்தார்.

அந்தக் கத்தி வந்தபிறகு அம்மாவை ஜெயிக்க ஆள் இல்லை. அங்கமுத்து மேஸ்திரி கல்யாணச் சமையலைக் காண்டிராக்ட் எடுக்கிறவர். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அவரிடம்தான் வேலைக்குப் போனார்கள். கத்தி அவரவர் கொண்டுபோகவேண்டும். துணியில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு விடியற்காலையில் வரிசையாகப் போவார்கள். மேஸ்திரி தடித்த மீசைக்காரர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். மற்றப் பெண்களைத் திட்டுவதற்கு என் அம்மாவைத்தான் காட்டுவார். "நொட்டாங்கைக்காரி நறுக்கறா பாருங்க, மிஷினாட்டம். நீங்களும் ரெண்டு கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!" இதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அம்மாவின் கை நன்றாகத் தெரியும்.

ஒரு கல்யாணத்தில் நானும் போயிருந்தேன், பள்ளிக்கூட லீவு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் காப்பி கேட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்தவர், அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "எடகையல்லி ஹெச்தாளல்ரீ!" என்றார் கன்னடத்தில். இடது கையில் நறுக்குகிறாளே என்று. அதட்டலாகக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். "அவ கை அப்படிங்க, காய் நல்லா இருக்கும்" என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காப்பியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயய்யோ, எனக்கே இப்பத்தானுங்க தெரியுது! ஏம்மா, நல்ல காரியத்துல வந்து பீச்சாங்கைய நீட்டறயே, உனக்கு சாஸ்திரம் தெரியாது? எந்திரி, எந்திரி!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அம்மா நறுக்கி வைத்திருந்த வாழைக்காயை அத்தனை பேர் பார்க்கக் குப்பைக் கூடையில் கொட்டச் சொன்னார். அம்மா எழுந்து கத்தியைத் துணியில் சுற்றப் போனபோது, "அத அங்கயே வெச்சுட்டுப் போ. அது நம்ம அடுப்படிச் சாமான்" என்றார். கத்தி யாருடையது என்று அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. அம்மா கத்தியைக் கீழே வைத்தார். மேஸ்திரி குனிந்து எடுத்து, பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். அப்போது அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். நான் சாகும்போது மற்றதெல்லாம் மறந்தாலும் அது மறக்காது.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ஆளுகிட்ட மோதி நாம பொழைக்க முடியுமா ஈசுவரி? பட்டறையில வேற பிளேடு கெடக்குது. அதே மாதிரி ஒண்ணு பண்ணித் தந்தர்றேன்" என்றார்.

"எனக்கு வேற கத்தி வேண்டாமுங்க. அதேதான் வேணும். அது என்ற கத்தின்னு அந்த ஆளு வாயாலயே சொல்லோணும்" என்றார் அம்மா. அழவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

அதற்குப்பிறகு அம்மாவுக்கு மண்டப வேலை இல்லை. வீட்டில் காய் நறுக்கும்போது வலது கையில் கத்தி பிடித்துப் பழக ஆரம்பித்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. மண்டபத்தையே அசத்தின கை மடியில் சும்மா கிடக்கும். மற்ற கை குழந்தை மாதிரித் தடுமாறும். ஒருநாள் விரலை ஆழமாக வெட்டிக்கொண்டார். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி அதே கையில் கத்தியை எடுத்தார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன், மேஸ்திரியை விடக்கூடாது என்று.

ஆனால் என் வயதுக்கு என்ன செய்ய முடியும்? பென்சில் சீவும்போது விழுகிற ஒவ்வொரு சுருளும் மேஸ்திரியின் மீசை என்று நினைத்துக்கொள்வேன். பப்பாளிக்காயில் அவர் முகத்தைச் செதுக்கித் துண்டு துண்டாக நறுக்கி ஆட்டுக்குப் போட்டேன். அவர் வீட்டு வாசலில் கிடந்த செருப்பில் ஒற்றையை மட்டும் எடுத்து எதிர்வீட்டு ஓட்டின்மேல் எறிந்தேன். அவர் மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடியதை திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். இதற்கெல்லாம் நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஆனால் எதுவும் போதவில்லை. அவரோ அம்மாவின் கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நானே நின்னு சொல்லிச் செஞ்ச கத்தி" என்று டீக்கடையில் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் அவர் காய் நறுக்கிப் பார்த்ததில்லை. மேஸ்திரி எதற்கு நறுக்கப் போகிறார்? தேங்காய் நாரைச் சீவுவார், மீசை ஓரத்தை ஒதுக்குவார், அவ்வளவுதான்.

தசரா வந்தது. மைசூரில் தசரா என்றால் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சரசக்கா. அவரும் காய் நறுக்குகிறவர். அம்மாவுக்கு நெருக்கம், வாய் கொஞ்சம் நீளம். மேஸ்திரி மொபெட்டில் வந்து நின்றார்.

"சரசு, ஆயுத பூஜை அன்னிக்கு லாரி ஷெட்டுல மத்தியானச் சாப்பாடு நம்மளுது. பெரிய கூட்டம். விடியறதுக்குள்ள எல்லாரும் கத்தியோட வந்துருங்க."

"அன்னிக்கு எங்க வீட்டுலயும் பூஜை இருக்குதுங்களே மேஸ்திரி?"

"உன்ற பூஜைய ராத்திரி வெச்சுக்க. சாமி ஓடியா போயிரும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்குச் சாஸ்திரம் சொன்ன அதே வாய்! எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஆயுத பூஜையில் ஒரு கருவியை வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடிகிறவரை அதைத் தொடக்கூடாது. யாராக இருந்தாலும் எடுக்கக்கூடாது. அப்படியானால் விடிவதற்குள் எல்லார் கத்திக்கும் சந்தனம் வைத்துவிட்டால்?

மேஸ்திரி தெருமுனை திரும்பியதும் சரசக்காவிடம், "அக்கா, எங்க வீட்டுல அன்னிக்கு வெள்ளனே பூஜை வைக்கறோம். உங்க கத்தியையும் குடுங்க, நான் கழுவிச் சாணை பிடிச்சு வெக்கறேன். எல்லாரு கத்தியும் வேணும்" என்றேன்.

சரசக்கா குடத்தைக் கீழே வைத்தார். "உங்கம்மா சொன்னாளா, நீயா சொல்றயா?"

"நானாத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு மண்டபத்துல வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன். அது இன்னும் தொண்டையிலயே நிக்குதுடா" என்றார். பிறகு சிரித்தார். "மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சாக்கு எடுத்துக்கிட்டு வா."

அம்மாவிடம் சொல்ல எனக்குப் பயம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. அடுப்புப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. என்னைப் பார்க்கவே இல்லை. "புளி ஊற வை. கத்தியெல்லாம் தேய்க்கோணுமில்ல?" என்றார்.

மறுநாள் நான் வீடு வீடாகப் போய்க் கத்தி சேர்த்தேன். என் டப்பாச் சேகரமெல்லாம் ஒன்றுமே இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது, உடைந்த அரிவாளைக் குட்டையாக்கியது, ரம்பத்தை வெட்டியது, பிடியில் பச்சை ஒயர் பின்னியது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தினுசு. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒவ்வொருவரும் கத்தியைத் தரையில் வைத்தார்கள், நான் எடுத்து முனை கீழே பார்க்க ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லார் முகத்திலும் ஒரு குறும்பு இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைகள் மாதிரி. அப்பா வேலை விட்டு வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்து, "இது எங்க போயி நிக்கப்போகுதோ" என்றார். சொல்லிக்கொண்டே சாணைக்கல்லை எடுத்து நனைத்தார்.

ஆயுத பூஜை அன்றைக்குக் காக்கை கத்துமுன்பே பெண்கள் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். பலகையில் சிவப்புத் துணி விரித்து, புளி போட்டுத் தேய்த்த கத்திகளை அடுக்கி, செவந்திப்பூ வைத்தோம். ஊதுபத்திப் புகையில் அத்தனை கூர்முனைகளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. சந்தனக் கிண்ணத்தை எடுத்த அம்மா வலது கையால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். "எந்தக் கைல வேணாலும் வையி ஈசுவரி, இங்க யாரு கேக்கறது?" என்றார் சரசக்கா. "சாமிக்கு ஒரு கை, வேலைக்கு ஒரு கை. ரெண்டும் என்ற கைதான்" என்றார் அம்மா. கடைசிக் கத்திக்குக் குங்குமம் வைத்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. இனி நாளைவரை அசைக்க முடியாது.

லாரி ஷெட்டிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். மேஸ்திரி கூப்பிடுகிறார், ஏன் யாரும் வரவில்லை என்றான். "நாங்க வர்றமுங்க. கத்திதான் பூஜையில இருக்குது" என்றார்கள் பெண்கள். அவன் திரும்பி ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தக் காட்சியை விடலாமா?

ஷெட்டில் லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தார்கள். பின்பக்கம் அடுப்பு எரிகிறது, அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது, நறுக்காத பூசணியும் கத்தரியும் மலைமாதிரிக் குவிந்திருக்கின்றன. அடுப்பு ஆட்களிடம் கரண்டி இருக்கிறது, கத்தி இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் கேட்டு ஆள் அனுப்பினார் மேஸ்திரி. கேட்ட வீட்டிலெல்லாம் "பூஜைகெ இட்டித்தீவி" என்று கதவைச் சாத்தினார்கள், பூஜைக்கு வைத்துவிட்டோம் என்று. ஊரில் அன்றைக்குச் சாமி கும்பிடாத கத்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் இடுப்பில் இருந்தது.

வேறு வழியில்லாமல் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே உட்கார்ந்தார். பூசணியை எடுத்து வலது கையால் நறுக்கினார். கத்தி கோணிக்கொண்டு வெளியே ஓடியது. துண்டு மேலே தடியாக, கீழே காகிதமாக விழுந்தது. மறுபடி நறுக்கினார். மறுபடி ஓடியது. அழுத்திப் பார்த்தார், கத்தியைத் திட்டினார், கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு மண்டபத்தில் பார்த்தாரே அதே மாதிரி! ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு இல்லை. ஷெட் முதலாளி வந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் மேஸ்த்ரி, இது சாம்பாருக்கா, இல்ல மாட்டுக்கா?" என்றார். சுற்றி நின்ற டிரைவர்களும் கிளீனர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒரு லாரி டயருக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். பாயசம் குடித்தால்கூட அவ்வளவு இனித்திருக்காது.

நான் வீட்டுக்கு ஓடிவந்த கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியின் மொபெட் எங்கள் வாசலுக்கு வந்தது. சட்டையெல்லாம் பூசணி விதை. பெண்கள் யாரும் எழவில்லை.

"கத்திய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

"சந்தனம் வெச்சாச்சுங்களே. எடுக்கலாமுங்களா? சாஸ்திரம் நீங்கதான் சொல்லோணும்" என்றார் சரசக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மேஸ்திரி பலகையைப் பார்த்தார். அவருக்கும் அதைத் தொடப் பயம்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ஈசுவரி, உன்ற கை வேகத்துக்கு நீ ஒருத்தி வந்தாப் போதும். பாதியாவது ஆயிரும். இந்தா, உன் கத்தி." இடுப்பிலிருந்து உருவி நீட்டினார்.

அம்மா கையை நீட்டவில்லை. "யாரு கத்திங்க?"

"அதான் சொல்றனே."

"இவங்க காதுல விழலீங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். அன்றைக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் இப்போது நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஈசுவரி கத்தி! ஈசுவரியோடதுதான்! போதுமா?" என்று கத்தினார். குனிந்து அதைத் தரையில் வைத்தார்.

அம்மா இடது கையால் எடுத்தார். செம்புத் தண்ணீரில் கழுவினார், புளியால் தேய்த்தார், முந்தியில் துடைத்தார். எல்லோரும் அவர் கிளம்பப்போகிறார் என்றுதான் நினைத்தோம். மேஸ்திரி மொபெட்டைத் திருப்பக்கூடச் செய்துவிட்டார். அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கத்திக்கு ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பலகையில் மற்றக் கத்திகளுக்கு நடுவே படுக்க வைத்தார்.

"இதுவும் பூஜைக்கு வந்துருச்சுங்க, மேஸ்திரி" என்றார்.

முதலில் சிரித்தது என் அப்பா. மோதிப் பிழைக்க முடியுமா என்று கேட்ட அதே அப்பா. ஒரு தட்டில் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு போய், "பிரசாதம் எடுத்துக்குங்க மேஸ்திரி" என்று இரண்டு கையாலும் நீட்டினார். தெருவே சிரித்தது. மொபெட் போன வேகத்தைப் பார்க்கவேண்டுமே!

ஷெட் முதலாளி அன்றைக்கு ஆட்களை ஓட்டலுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டாராம். அந்தக் கதை மண்டபத்துக்கு மண்டபம் நடந்தது. மேஸ்திரி போகுமிடமெல்லாம் "சாம்பாருக்கா, மாட்டுக்கா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எங்கள் தெருப் பெண்கள் யாரும் அவரிடம் திரும்பப் போகவில்லை. வேறொரு காண்டிராக்டர் அம்மாவை முன்னால் வைத்து எல்லோரையும் சேர்த்துக்கொண்டார். "காய் நேரத்துக்கு வந்தாப் போதும், நீங்க கால்ல நறுக்குனாலும் சரி" என்றார் அந்த மனிதர்.

இதை என் மகளிடம் சொன்னபோது, "பிடப்பா, ஆய்தல்லா" என்றாள். விடுப்பா, முடிந்துவிட்டதல்லவா என்று. பெரியவர்கள் கதையை முடிக்கும்போது மன்னித்துவிடச் சொல்வார்கள். நான் சொல்லவில்லை, எனக்கே வராததை எப்படிச் சொல்ல? மேஸ்திரி ஒருநாளும் அம்மாவிடம் தப்பாயிற்று என்று சொல்லவில்லை. அவர் செத்தபோது தெருவே போனது, நான் போகவில்லை. கத்தியைத் திருப்பி வாங்கிவிட்டோம். குப்பையில் கொட்டின காயைத் திருப்பி வாங்க முடியவில்லை.

இப்போது யாரும் இடுப்பில் கத்தி வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் பக்கத்து சீட்காரர் எழுந்து போவார். எங்கள் தெரு ஓட்டு வீடுகளெல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன. விடியற்காலையில் வரிசையாகப் போன பெண்களின் பிள்ளைகள் பேக்டரி வேனுக்கு நிற்கிறார்கள். போன தை மாதம் என் ஒன்றுவிட்ட அக்கா மகள் கல்யாணம். மண்டபத்துக்குப் போனதும் அம்மா மணமேடைப் பக்கம் போகவில்லை, நேராகச் சமையலறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். தொப்பியும் கையுறையும் போட்ட பையன் ஒருவன் ஒரு மிஷினுக்குள் முட்டைக்கோசைத் தள்ளிக்கொண்டிருந்தான். மறுபக்கம் பூவாக வந்து கொட்டியது.

"அஜ்ஜி, இங்க வரக்கூடாது" என்றான் அவன், பாட்டி என்று.

"இரு கண்ணு, பாத்துட்டுப் போயர்றேன்." அம்மா மிஷினைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். அப்புறம் அவன் காதருகே குனிந்து, "இது எந்தக் கைல நறுக்குது?" என்று கேட்டார்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மிஷினுக்கு ஏது அஜ்ஜி கை?" என்றான்.

"அந்த ஆளு இதப் பாக்காமப் போயிட்டான் பாரு, மாதேசு" என்று என் பக்கம் திரும்பினார் அம்மா. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மிஷினிலிருந்து வந்து விழுந்ததில் ஒரு கொத்தை இடது கையால் அள்ளி, விரலால் பரப்பிப் பார்த்து, "சீரா இல்ல" என்று சொல்லிவிட்டு, மெதுவாக நடந்து பந்திக்குப் போனார்.